சென்னைக் கடைமேல் வழக்கு: திருகோணமலையிலா, சென்னையிலா, பாரிஸிலா?

நீங்கள் எழுதியதை முதலில் என் சொல்லில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன், எங்காவது பிழையாக விளங்கியிருந்தால் திருத்துங்கள். உப்புவெளியில் வீட்டில் இருந்து தைத்துக் கொடுத்து உழைக்கிறீர்கள். சென்னையில் உள்ள ஒரு கடையோடு வாட்ஸ்அப்பில் பேசி, கணினியில் ஓடும் எம்பிராய்டரி மெசின் ஒன்று வாங்கினீர்கள். விலை 1,85,000 இந்திய ரூபா. காசைப் பாரிஸில் இருக்கும் உங்கள் அக்கா தன் கார்டில் கட்டினார், ஆனால் பில் உங்கள் பெயரில். மெசின் கூரியரில் வந்து ஆறு மாதம் ஆகிறது. வந்த நாளில் இருந்தே பத்து நிமிடம் ஓடினால் நின்றுவிடுகிறது. திறந்து பார்த்த மெக்கானிக், உள்ளே இருக்கும் போர்டு ஏற்கெனவே பழுது பார்த்தது, புது மெசின் என்று சொல்லவே முடியாது என்கிறார். கடைக்காரர் முதலில் "பார்க்கிறோம் மேடம்" என்றார், இப்போது பதிலே இல்லை. பில்லின் அடியில் "சென்னை நீதிமன்ற எல்லைக்கு உட்பட்டது" என்று அச்சடித்திருக்கிறது. இங்கே வழக்குப் போடலாமா, இல்லாவிட்டால் ஐரோப்பாவில் ஏதோ சிறு வழக்கு முறை இருக்கிறதாம், அக்கா அங்கே போடலாமா என்று கேட்கிறீர்கள்.

நான் திருகோணமலையில் சிவில் வழக்குகள் செய்யும் சட்டத்தரணி, அதிலும் காசு அறவிடும் வழக்குகள்தான் கூட. இந்தியாவில் வழக்காட எனக்கு அனுமதி இல்லை, ஆகவே இந்தியப் பகுதியில் நான் சொல்வதை அங்குள்ள ஒரு வக்கீலிடம் ஒருமுறை சரிபார்த்துவிட்டுச் செய்யுங்கள். பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: சென்னையில் உள்ள மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் போடுங்கள். இந்தக் கேள்வியோடு வருகிற எல்லோரும் "எந்தக் கோர்ட்டுக்கு அதிகாரம் இருக்கிறது" என்றுதான் தொடங்குகிறார்கள். அதை இரண்டாவதாக வைத்துக்கொள்ளுங்கள். முதலாவது, கடைக்காரரின் காசு எங்கே இருக்கிறது, அந்தக் காசில் கை வைக்கக்கூடிய கட்டளையை யார் போடலாம் என்பது. இந்த ஒழுங்கில் யோசித்தால் மூன்று நாட்டில் இரண்டு தானாகவே விழுந்துவிடும். எப்படி என்று சொல்கிறேன், ஏனென்றால் இதே சிக்கலில் இருக்கும் வேறு ஆட்களுக்கு விடை வேறாக வரலாம்.

திருகோணமலையை எடுப்போம். எங்கள் குடியியல் நடவடிக்கை முறைச் சட்டக்கோவையின் 9ஆம் பிரிவு, வழக்கை எங்கே போடலாம் என்று நான்கு வழி சொல்கிறது: எதிராளி வசிக்கும் இடம், காணி வழக்கென்றால் காணி இருக்கும் இடம், வழக்குக்கான காரணம் எழுந்த இடம், ஒப்பந்தம் செய்யப்பட்ட இடம். முதல் இரண்டும் உங்களுக்கு இல்லை. மற்ற இரண்டிலும் ஓரளவு பிடி இருக்கிறது. வீட்டு வாசலில் கொண்டுவந்து தருவதாகக் கடை ஒப்புக்கொண்டிருந்தால், பழுதான மெசினை உப்புவெளியில் இறக்கியதே ஒப்பந்த மீறல், அது இங்கேதான் நடந்தது என்று வாதாடலாம். சென்னையில் கூரியரிடம் கொடுத்ததோடு தங்கள் கடமை முடிந்தது என்று பேசியிருந்தால் அந்த வாதம் மெலிந்துவிடும். ஒப்பந்தம் எங்கே செய்யப்பட்டது என்பது இன்னும் நுட்பமானது. தொலைபேசி, டெலெக்ஸ் போல உடனுக்குடன் போகும் தொடர்பில், சம்மதம் எங்கே வந்து சேர்கிறதோ அங்கேதான் ஒப்பந்தம் பிறக்கிறது என்பது 1955இல் இங்கிலாந்தின் என்டோர்ஸ் வழக்கில் வந்த விதி, எங்கள் பக்கத்திலும் அதைத்தான் எடுத்துப் பேசுவோம். உங்கள் வாட்ஸ்அப்பை மேலே தள்ளிப் பாருங்கள். "இந்த மொடல் இந்த விலைக்கு எனக்கு வேணும்" என்று நீங்கள் கேட்டு, அவர் "கன்ஃபர்ம்" என்று போட்டிருந்தால் சம்மதம் வந்து சேர்ந்தது உப்புவெளியில். அவர் விலைப்பட்டியல் அனுப்பி, நீங்கள் "சரி, எடுக்கிறேன்" என்று போட்டிருந்தால் அது சேர்ந்தது சென்னையில். வாட்ஸ்அப் செய்தியைத் தொலைபேசிப் பேச்சு மாதிரிப் பார்ப்பதா, கடிதம் மாதிரிப் பார்ப்பதா என்பதிலேயே இரண்டு பக்கமும் வாதம் இருக்கிறது. மொத்தத்தில், திருகோணமலையில் வழக்கை ஏற்கச் செய்யலாம் என்றே நினைக்கிறேன். ஆனால் அது நினைப்பு, உறுதி இல்லை.

உறுதியாகச் சொல்லக்கூடியது அதற்குப் பிறகு வருவது. வழக்கைப் பதிந்தவுடன் அழைப்பாணை சென்னைக்குப் போக வேண்டும். இலங்கையும் இந்தியாவும் நீதிமன்ற ஆவணங்களை வெளிநாட்டில் சேர்ப்பிக்கும் ஹேக் உடன்படிக்கையில் இருக்கின்றன, ஆனால் தபாலில் நேரே அனுப்புவதற்கு இந்தியா ஆட்சேபம் தெரிவித்திருக்கிறது. ஆகவே கடிதம் அமைச்சில் இருந்து அமைச்சுக்குப் போய், அங்கிருந்து சென்னை நீதிமன்றத்துக்கு இறங்கி, திரும்பி வர வேண்டும். மாதங்கள் ஓடும். கடைக்காரர் வரமாட்டார், ஏன் வரப்போகிறார்? அப்போது ஒருதலைப்பட்சமாக உங்களுக்குத் தீர்ப்புக் கிடைக்கும். அதைக் கொண்டு சென்னைக்குப் போனால் அங்கே இந்தியக் குடியியல் நடவடிக்கை முறைச் சட்டத்தின் 44ஏ பிரிவு என்று ஒன்று நிற்கும். இந்திய அரசு அறிவித்த சில நாடுகளின் மேல்நிலை நீதிமன்றத் தீர்ப்புகளைத்தான் அங்குள்ள மாவட்ட நீதிமன்றம் நேரடியாக நிறைவேற்றும். பிரித்தானியா, சிங்கப்பூர், மலேசியா, ஐக்கிய அரபு அமீரகம் எல்லாம் அந்தப் பட்டியலில் இருக்கின்றன, பக்கத்தில் இருக்கும் இலங்கை இல்லை. எனவே திருகோணமலைத் தீர்ப்பை ஆதாரமாக வைத்து அங்கே புதிதாக ஒரு வழக்குப் போட வேண்டும். அந்த வழக்கில் கடைக்காரர் அதே இந்தியச் சட்டத்தின் 13ஆம் பிரிவைக் காட்டி, இந்தத் தீர்ப்பு விடயத்தை ஆராய்ந்து தந்தது இல்லை, அந்த நீதிமன்றத்துக்கு நான் கட்டுப்பட்டவனும் இல்லை என்று நிற்பார். எதிராளி வராத தீர்ப்பு அந்த வாதத்துக்கு முன்னால் பலவீனமானது.

கிண்ணியாப் பக்கம் மீன்பிடிக்கும் ஒருவர், கொச்சியில் இருந்து எடுப்பித்த மீன் தேடும் கருவி ஒன்றுக்காக இப்படித்தான் இங்கே தீர்ப்பு எடுத்தார். என்னிடம் வந்தபோது தீர்ப்பின் சான்றுப் பிரதியை பிளாஸ்டிக் உறையில் போட்டு, படகின் பதிவுப் புத்தகத்தோடு சேர்த்து வைத்திருந்தார். முத்திரை, கையொப்பம், வட்டிக் கணக்கு, எல்லாம் சரி. ஆனால் இந்தியாவில் நுகர்வோர் முறைப்பாட்டுக்கு இரண்டு வருடம்தான் காலம், இங்கே வழக்கு முடிவதற்குள் அது போய்விட்டது. தாமதத்தைப் பொறுக்கும்படி மன்றாடி, அதன் பிறகுதான் விடயத்துக்கே வரலாம் என்ற நிலை. இங்கே வென்றது அங்கே அவருக்கு இருந்த நேரத்தைத் தின்றுவிட்டது. அதனால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்: பிழையான இடத்தில் போடுகிற வழக்கு சும்மா கிடக்காது, சரியான இடத்தின் கதவையும் மெல்ல மெல்லச் சாத்திக்கொண்டே போகும்.

இங்கே போடுவதுதான் சரி என்று சொல்லும் நிலைமைகளும் இருக்கின்றன. அந்தச் சென்னைக் கம்பனிக்குக் கொழும்பில் கிளை இருந்தால், இலங்கையில் ஒரு முகவர் தன் பெயரில் பில் போட்டு விற்றிருந்தால், அல்லது இங்குள்ள யாராவது அவர்களுக்குக் காசு கொடுக்க வேண்டியிருந்தால், பிடிக்கக்கூடிய சொத்து இங்கே இருக்கிறது, வெளியே போக வேண்டியதே இல்லை. அதிலும் விற்றவர் இலங்கை வியாபாரி என்றால் நீதிமன்றத்துக்கு முன்னால் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்குப் போங்கள், கச்சேரியிலேயே, அதாவது மாவட்டச் செயலகத்திலேயே கேட்கலாம், 1977 என்ற இலக்கத்துக்கும் எடுக்கலாம். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தின் 13ஆம் பிரிவில் எழுத்தில் முறைப்பாடு கொடுத்தால், விசாரித்து, காசைத் திருப்பிக் கொடு, பொருளை மாற்றிக் கொடு, நட்டஈடு கொடு என்று கட்டளை போடலாம், கொடுக்காவிட்டால் நீதவான் நீதிமன்றம் மூலம் தண்டப்பணம் போல அறவிடலாம். ஆனால் பொருள் விற்கப்பட்டு மூன்று மாதத்துக்குள் கொடுக்க வேண்டும். கடைக்காரர் "அடுத்த கிழமை வாங்க" என்று இழுத்தடிப்பதில் இந்த மூன்று மாதம் எத்தனை பேருக்குப் போயிருக்கிறது என்று நினைத்தால் மனம் கொதிக்கிறது. சிறு கோரிக்கைகளுக்கென்று தனி நீதிமன்ற நடவடிக்கை முறை 2022இல் சட்டமாக வந்திருக்கிறது, சின்னத் தொகைகளுக்கு முதலில் மத்தியஸ்த சபைக்கும் போக வேண்டியிருக்கும். இவை எல்லாம் எதிராளி நாட்டுக்குள் இருக்கும்போது பயன்படும் வழிகள். உங்கள் கடைக்காரர் இங்கே இல்லை.

அடுத்தது பாரிஸ். அக்கா கேள்விப்பட்டது ஐரோப்பிய சிறு கோரிக்கை நடைமுறையாக இருக்க வேண்டும், 2007ஆம் ஆண்டின் 861ஆம் இலக்க ஒழுங்குவிதி. 5,000 யூரோ வரை, படிவம் நிரப்பி, பெரும்பாலும் எழுத்திலேயே, வக்கீல் இல்லாமல் முடிக்கலாம், நல்ல ஏற்பாடுதான். ஆனால் அது ஐரோப்பிய ஒன்றியத்துக்கு உள்ளே எல்லை தாண்டும் வழக்குக்கு உரியது. வழக்குக் கேட்கும் நாட்டைத் தவிர வேறொரு உறுப்பு நாட்டில் இரண்டு பேரில் ஒருவராவது வசிக்க வேண்டும். அக்கா பிரான்ஸில், நீங்கள் இலங்கையில், கடை இந்தியாவில். பொருந்தவில்லை. அந்த நடைமுறையை விட்டுவிட்டு, பிரெஞ்சு நீதிமன்றத்தில் சாதாரணமாகப் போடலாமா? ஐரோப்பியச் சட்டத்தில் நுகர்வோர் தான் வசிக்கும் நாட்டில் வழக்குப் போடலாம், விற்றவர் ஒன்றியத்துக்கு வெளியே இருந்தாலும்கூட. ஆனால் விற்றவர் தன் வியாபாரத்தை அந்த நாட்டை நோக்கி நடத்தியிருக்க வேண்டும், இணையத்தில் பார்க்க முடிந்தது என்பது மட்டும் போதாது. சென்னைக் கடை பாரிஸ் ஆட்களுக்காகப் பிரெஞ்சிலோ யூரோவிலோ விளம்பரம் செய்திருக்காது. அது போக, உங்கள் அக்கா காசு கட்டினாரே தவிர வாங்கியவர் நீங்கள், மெசின் வாங்கியதும் தையல் தொழிலுக்கு. தொழிலுக்கு வாங்கியவரை ஐரோப்பியச் சட்டம் நுகர்வோராகவே எடுக்காது. இவ்வளவையும் தாண்டி ஒரு தீர்ப்புக் கிடைத்தாலும், பிரான்ஸும் இந்தியாவின் பட்டியலில் இல்லை. அக்கா லண்டனில் இருந்திருந்தால் என்ன என்று யாராவது கேட்கலாம். பிரித்தானியா பட்டியலில் இருக்கிறதுதான், ஆனால் அங்கே 10,000 பவுண் வரையான சிறு வழக்குகளைக் கேட்பது கவுண்டி கோர்ட், 44ஏ கேட்பது மேல்நிலை நீதிமன்றத் தீர்ப்பு.

அக்காவால் செய்யக்கூடியதாக ஒன்று இருந்தது, அது கார்டு வங்கியிடம் பணத்தைத் திருப்பிக் கேட்பது. விசா, மாஸ்டர்கார்டு விதிகளில் பொருள் பழுது, சொன்ன பொருள் வரவில்லை என்பதற்கெல்லாம் வழி இருக்கிறது, நீதிமன்றமே தேவையில்லை. பொதுவாக 120 நாள்தான் காலம், உங்களுக்கு அது தாண்டிவிட்டது. என்றாலும் அக்கா வங்கிக்கு ஒரு கடிதம் எழுதட்டும், மறுத்தால் அந்த மறுப்பும் நீங்கள் சும்மா இருக்கவில்லை என்று காட்டும் ஒரு தாள். இதைப் படிக்கும் மற்றவர்கள், கார்டில் கட்டிய பொருள் பழுதாக வந்தால் கடைக்காரரோடு சமாதானம் பேசும் அதே கிழமையில் வங்கிக்கும் எழுதிவிடுங்கள்.

சரி, சென்னை. இந்தியாவின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019இல் புதிதாக எழுதப்பட்டு 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்தது. முறைப்பாட்டை எங்கே போடலாம் என்று அதன் 34ஆம் பிரிவு சொல்கிறது: எதிராளி வசிக்கும் அல்லது வியாபாரம் செய்யும் அல்லது கிளை வைத்திருக்கும் இடம், காரணம் எழுந்த இடம், அத்தோடு முறைப்பாட்டுக்காரர் வசிக்கும் அல்லது வேலை செய்யும் இடம். கடைசியாகச் சொன்னது புதிதாக வந்த சலுகை. மதுரையில் இருப்பவர் டெல்லிக் கடைமேல் மதுரையிலேயே போடலாம். நீங்கள் இந்தியாவில் வசிக்கவில்லை, அதனால் அது உங்களுக்கு உதவாது, ஆனால் எதிராளியின் இடம் என்ற முதல் வழி அப்படியே திறந்திருக்கிறது. "நான் இந்தியக் குடிமகள் இல்லையே" என்று பயப்பட வேண்டாம், நுகர்வோர் யார் என்று சட்டம் சொல்லும் இடத்தில் குடியுரிமை பற்றி எதுவும் இல்லை, காசு கொடுத்துப் பொருள் வாங்கியவர் என்றுதான் இருக்கிறது. வாங்கியவரின் சம்மதத்தோடு பொருளைப் பாவிப்பவரும் அதற்குள் வருவார். ஆகவே காசு கட்டியது அக்கா, வாங்கியதும் அக்காதான் என்று கடைக்காரர் கிளப்பினாலும் நீங்கள் வெளியே விழமாட்டீர்கள். தொழிலுக்கு வாங்கிய மெசின் என்பதுதான் அவர்கள் முதலில் தூக்கிப் பிடிக்கப் போகும் கல். வர்த்தக நோக்கத்துக்காக வாங்கியவர் நுகர்வோர் இல்லை என்று அந்தச் சட்டத்திலும் இருக்கிறது. ஆனால் அதன் விளக்கத்தில், சுயதொழில் செய்து தன் பிழைப்புக்காக மட்டும் வாங்கிப் பாவிப்பது வர்த்தக நோக்கம் ஆகாது என்று தெளிவாக எழுதியிருக்கிறார்கள். வீட்டில் ஒரு மெசின், அதை ஓட்டுவது நீங்கள், அதில்தான் சீவியம். உங்களுக்காகவே எழுதியது போல இருக்கிறது. முறைப்பாட்டின் முதல் பக்கத்திலேயே இதைச் சொல்லுங்கள், சம்பளத்துக்கு ஆள் வைத்திருக்கிறீர்களா என்று நிச்சயம் கேட்பார்கள். நான்கைந்து பேரை வைத்துத் தைப்பித்தால் இந்த வாதம் ஆட்டம் காணும், அதை மறைக்காமல் வக்கீலிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

பில்லின் அடியில் உள்ள "சென்னை நீதிமன்ற எல்லை" என்ற வரி உங்களைப் பயமுறுத்தியிருக்கிறது, ஆனால் உங்கள் விடயத்தில் அது உங்கள் பக்கம். நீங்கள் போகப் போவதே சென்னைக்கு, அங்கே வந்து எனக்கு இந்த இடம் பொருந்தாது என்று அவரால் சொல்ல முடியாது. வேறு ஆட்களுக்கு, காசு கட்டி முடிந்த பிறகு கைக்கு வரும் பில்லில் இருக்கும் வரி ஒப்பந்தத்தின் பகுதிதானா என்பதே விவாதத்துக்கு உரியது. நடுவர் மன்றத்துக்குத்தான் போக வேண்டும் என்று நிபந்தனை போட்டிருந்தாலும், அது நுகர்வோர் ஆணையத்தின் கதவைப் பூட்டாது என்று எமார் எம்ஜிஎஃப் வழக்கில் இந்திய உச்ச நீதிமன்றம் 2018இல் சொல்லிவிட்டது.

சென்னையில் மாவட்ட ஆணையம் ஒன்று மட்டும் இல்லை, வடக்கு, தெற்கு என்று பிரிந்திருக்கிறது, புறநகர்க் கடை என்றால் பக்கத்து மாவட்டமாகவும் இருக்கலாம். ஆகவே கடையின் உண்மையான முகவரி வேண்டும். இதற்கு உங்கள் பில்லைக் கையில் எடுங்கள். கடையின் பெயருக்குக் கீழே ஜி.எஸ்.டி. (இந்தியாவின் பொருள், சேவை வரி) இலக்கம் என்று 15 எழுத்தும் எண்ணும் கலந்த ஒரு வரி இருக்கும். முதல் இரண்டு எண் மாநிலக் குறி, தமிழ்நாட்டுக்கு 33. அடுத்த பத்தும் அந்த வியாபாரியின் வருமான வரி இலக்கம். இந்த 15ஐயும் இந்திய ஜி.எஸ்.டி. இணையதளத்தில் போட்டுப் பார்த்தால், பலகையில் இருக்கும் கடைப்பெயருக்குப் பின்னால் சட்டப்படி யார் இருக்கிறார், தனிஆளா, கூட்டு வியாபாரமா, கம்பனியா, முதன்மை வியாபார இடம் எது, பதிவு இன்னும் உயிரோடு இருக்கிறதா என்று காட்டும். வழக்கில் எதிராளியின் பெயர் அப்படித்தான் போக வேண்டும். இன்ஸ்டாகிராமில் இருக்கும் பெயரைப் போட்டு வழக்குப் பதிந்தால் நாளைக்குக் கட்டளையை யாரிடம் கொண்டுபோய்க் காட்டுவீர்கள்? ஜி.எஸ்.டி. இலக்கமே இல்லாத துண்டுச்சீட்டு என்றால், காசு போய்ச் சேர்ந்த கணக்கின் பெயரை அக்காவின் வங்கிக் கூற்றில் இருந்து எடுங்கள்.

மாவட்ட ஆணையம் 50 இலட்சம் இந்திய ரூபா வரை கொடுத்து வாங்கியவற்றைக் கேட்கும். நீங்கள் கொடுத்தது 5 இலட்சத்துக்குள், எனவே கட்டணம் எதுவும் இல்லை. இணையவழியாகப் பதியலாம், முன்பு இ-தாக்கில் என்று இருந்தது, இப்போது இ-ஜாக்ரிதி. வக்கீல் கட்டாயம் இல்லை, காணொளி வழியாகத் தோன்றக் கேட்கவும் சட்டத்தில் இடம் இருக்கிறது. நோட்டீஸ் கிடைத்த எதிராளிக்குப் பதில் சொல்ல 30 நாள், மேலதிகமாக 15 நாள், அதற்கு மேல் ஒரு நாளும் கூட்டிக் கொடுக்க முடியாது என்று 2020 மார்ச்சில் இந்திய உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதியரசர்கள் கொண்ட அமர்வு முடிவு செய்தது. இழுத்தடிக்கும் வியாபாரிக்கு இது பெரிய கடிவாளம். கட்டளை வந்த பிறகு அவர் மேல்முறையீடு செய்ய விரும்பினால் தொகையில் பாதியை முதலில் கட்ட வேண்டும். கட்டளையை மதிக்காவிட்டால் சிறை வரைக்கும் போகலாம், குறைந்தது ஒரு மாதம், கூடியது மூன்று வருடம், அல்லது 25,000 ரூபாவுக்குக் குறையாத தண்டம். இதெல்லாம் அவர் கடை இருக்கும் ஊரிலேயே நடக்கும். திருகோணமலைத் தீர்ப்பையும் இதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். காலம் பற்றிப் பொய் நம்பிக்கை தரமாட்டேன். சோதனை தேவைப்படாத முறைப்பாட்டை மூன்று மாதத்திலும், தேவைப்பட்டதை ஐந்து மாதத்திலும் முடிக்கப் பார்க்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது, நடைமுறையில் வருடக் கணக்கில் போவதும் உண்டு. நல்லது என்னவென்றால், முறைப்பாட்டின் பிரதியோடு ஆணையத்தின் நோட்டீஸ் கடை வாசலுக்குப் போனதுமே பேச வருகிற வியாபாரிகள் நிறையப் பேர்.

இந்த இடத்தில் எங்கள் ஊர் ஆட்களுக்கு வேறு இரண்டு விடயம். நிலாவெளி, உப்புவெளியில் விருந்தினர் விடுதி நடத்துபவர்கள், பாரிஸ் பற்றிப் பேசும்போது சொன்ன ஐரோப்பிய நுகர்வோர் விதியின் மறுபக்கத்தில் நிற்கிறார்கள். ஐரோப்பிய நீதிமன்றம் 2010இல் தீர்த்த ஒரு வழக்கு ஆஸ்திரிய விடுதி ஒன்றுக்கும் ஜெர்மனியில் இருந்து வந்த விருந்தினருக்கும் இடையிலானது. விடுதி எந்த நாட்டு ஆட்களை நோக்கி வியாபாரம் செய்கிறது என்பதற்கு மொழி, நாணயம், நாட்டுக் குறியோடு போட்ட தொலைபேசி இலக்கம், இணையதள முகவரியின் கடைசி எழுத்துகள் எல்லாம் அடையாளம் என்று அதில் சொன்னார்கள். உங்கள் இணையப் பக்கத்தில் ஜெர்மன் மொழியில் யூரோ விலை போட்டிருந்தால், அந்த விருந்தினர் தன் ஊரில் வழக்குப் போட வழி இருக்கிறது என்று தெரிந்துகொண்டு போடுங்கள். மற்றது விமானம். பெட்டி தொலைந்தால், உடைந்தால் எங்கே போடலாம் என்பதை மொன்ட்ரியால் உடன்படிக்கையின் 33ஆம் உறுப்புரை தனியாகச் சொல்கிறது: விமான நிறுவனத்தின் இருப்பிடம், அதன் முதன்மை வியாபார இடம், டிக்கெட் எடுத்த அதன் அலுவலகம் உள்ள இடம், பயணம் முடியும் இடம். போய்வரும் டிக்கெட்டில் பயணம் முடியும் இடம் என்பது தொடங்கிய ஊர்தான், எனவே பாரிஸில் இருந்து லீவுக்கு வந்து போகும் அக்காவுக்கு அது பாரிஸ், கொழும்பு இல்லை. உடைந்த பெட்டிக்கு 7 நாளில், பிந்திய பெட்டிக்கு 21 நாளில் எழுத்தில் முறையிட வேண்டும், வழக்குக்கு இரண்டு வருடம்.

திரும்ப உங்கள் மெசினுக்கு வருகிறேன். இந்த வழக்கில் எனக்குக் கவலை தருவது நீதிமன்ற எல்லை இல்லை, அதை மேலே சொன்னபடி தாண்டலாம். மெசின் உப்புவெளியில் இருக்கிறது, ஆணையம் சென்னையில் இருக்கிறது, பழுது முதலிலேயே இருந்ததா அல்லது இங்கே கரண்ட் கூடிக் குறைந்து போர்டு எரிந்ததா என்று கடைக்காரர் கேட்கப் போகிறார். இதற்குப் பதில் உங்கள் கையில் வலுவாக இருக்க வேண்டும். ஆகவே தயவுசெய்து இனி அந்த மெசினைத் திருத்தக் கொடுக்காதீர்கள், போர்டைக் கழற்றவும் விடாதீர்கள். முடிந்தால் அந்தக் கம்பனி மெசின்களில் பயிற்சி உள்ள ஒருவரைக் கொழும்பில் இருந்தாவது கூப்பிட்டு, தொடரிலக்கம் பொறித்த தகடு, போர்டில் மறுபடி ஈயம் வைத்த இடம், ஓடிய மணித்தியாலம் காட்டும் திரை மூன்றையும் படம் எடுத்து, தான் பார்த்ததை அவர் பெயர், தகைமை, திகதியோடு எழுதிக் கையொப்பம் வைத்துத் தரச் சொல்லுங்கள். வாங்கிய சில நாளில் திரை ஆயிரக்கணக்கான மணித்தியாலம் காட்டியிருந்தால் அதற்கு மேல் சாட்சி வேண்டியதில்லை. உங்கள் பழைய மெக்கானிக்கும் தான் கண்டதைச் சத்தியக்கடதாசியாகத் தரலாம். வாட்ஸ்அப்பை ஸ்கிரீன்ஷொட்டாக மட்டும் வைக்காமல், முழு உரையாடலையும் ஏற்றுமதி செய்து வேறொரு இடத்திலும் வையுங்கள், போனை மாற்றாதீர்கள். மின்னணு ஆதாரத்துக்கு இந்தியாவில் ஒரு சான்றிதழ் கேட்பார்கள், 2024 ஜூலையில் இருந்து அது புதிய சாட்சியச் சட்டத்தின் 63ஆம் பிரிவில் இருக்கிறது, படிவத்தை அங்குள்ள வக்கீல் தருவார்.

இந்தக் கிழமையே செய்ய வேண்டியது, ஜி.எஸ்.டி. பதிவில் கண்ட முகவரிக்குப் பதிவுத் தபாலில் ஒரு கடிதம். வாங்கிய திகதி, கட்டிய தொகை, மெசினின் தொடரிலக்கம், பழுது, 15 நாளில் 1,85,000 ரூபாவையும் கூரியர் செலவையும் திருப்பித் தந்து மெசினை அவர்கள் செலவில் எடுத்துக்கொள்ள வேண்டும், இல்லாவிட்டால் நுகர்வோர் ஆணையத்துக்குப் போவேன் என்று சுருக்கமாக. கோபத்தை அதில் எழுதாதீர்கள், அந்தக் கடிதத்தை நாளைக்கு வாசிக்கப் போவது ஆணையத்தின் தலைவர். அதே கடிதத்தை வாட்ஸ்அப்பிலும் போட்டுவிடுங்கள், நீலக்குறி விழுந்ததைப் படம் எடுங்கள். 15 நாள் கழிந்ததும் இ-ஜாக்ரிதியில் பதியுங்கள். சென்னையில் நம்பிக்கையான சொந்தக்காரர் யாராவது உங்களுக்காக நேரில் போய் நிற்கத் தயார் என்றால், இங்கே நொத்தாரிசு முன் அற்றோர்ணித் தத்துவம் (உங்கள் சார்பில் செயற்பட அவருக்கு அதிகாரம் கொடுக்கும் பத்திரம்) எழுதி அனுப்பலாம், ஆனால் அந்தப் பத்திரம் இந்தியாவுக்குள் போய் மூன்று மாதத்துக்குள் அங்கே முத்திரைத் தீர்வை கட்ட வேண்டும், அதை மறந்துவிடாதீர்கள். மெசின் கையில் கிடைத்த திகதியில் இருந்து இரண்டு வருடம் என்று நாட்காட்டியில் குறியுங்கள், ஆறு மாதம் ஏற்கெனவே போயிற்று. கடை பதில் போட்டால், அது எப்படி இருந்தாலும், கையெழுத்து எதுவும் வைக்க முன்னர் இங்கே போடுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.